பலாப்பழ ஐயாவுக்கு ஒரு நாற்காலி

லோகநாயகி: ...இருங்க, இருங்க. மொதல்லேருந்து சொல்லுங்க. அப்ப நாம கோயிலுக்குப் போவலயா?

ஞானசேகரன்: போறோம்டி. கோயிலுக்கும் போறோம். அதுக்கு முன்னாடி சிதம்பரத்துல ஒரு சின்ன வேல.

லோகநாயகி: நெனச்சேன். கல்யாணம் ஆயி இத்தினி வருசத்துல நீங்களா வந்து, "லோகா, வா, நடராஜரப் பாத்துட்டு வரலாம்"னீங்க. எங்க அண்ணிக்கு போன் பண்ணி சொன்னேன். "எதுக்கும் ஒரு டாக்டர்ட்ட காட்டிடு"ன்னாங்க.

ஞானசேகரன்: மெதுவா பேசு. பஸ்ஸே பாக்குது.

லோகநாயகி: பஸ்ஸு தூங்குது. சொல்லுங்க, இன்னா சின்ன வேல?

ஞானசேகரன்: எங்க குரூப்பு மீட்டிங்கு. "உண்டா இல்லையா" குரூப்பு...

லோகநாயகி: அந்த பேஸ்புக்கு சனியனா?

ஞானசேகரன்: சனியன்னு சொல்லாத. மூவாயிரம் பேர் இருக்காங்க அதுல.

லோகநாயகி: ஜெராக்ஸ் எடுக்க வந்தவங்கள நிக்க வெச்சுட்டு, சாமி உண்டா இல்லையான்னு தட்டிகிட்டே இருப்பீங்களே, அதான? இன்னா முடிவாச்சு? உண்டா?

ஞானசேகரன்: இன்னும் பேசிகிட்டுதான் இருக்கோம்.

லோகநாயகி: நல்லா பேசுங்க. அதுவரைக்கும் சாமி வெளியவே நிக்கட்டும்.

ஞானசேகரன்: இத பாரு. இன்னிக்குதான் எல்லாரும் மொத தடவயா நேர்ல பாக்கறோம். அபுல் ஹசன் பாய் ஏற்பாடு. சின்னதா ஒரு ஹால் புடிச்சிருக்காரு. மேடையில ரெண்டு நாற்காலி. ஒண்ணு எனக்கு, சாமி இல்லேன்னு பேச. இன்னொண்ணு பரமானந்தம் ஐயாவுக்கு.

லோகநாயகி: யாரு... பரமானந்தம்?

ஞானசேகரன்: ஸ்ரீமுஷ்ணத்து ஆளு. ரிட்டையர்டு வாத்தியாரு. சாமி உண்டுன்னு பேசறவரு. குரூப்புல எனக்கு எதிராளி.

லோகநாயகி: நல்ல மனுசனா?

ஞானசேகரன்: ரொம்ப நல்ல மனுசன். அதான்டி பிரச்சினையே.

லோகநாயகி: நல்ல மனுசன் வந்தா இன்னா பிரச்சினை?

ஞானசேகரன்: வர மாட்டாரு.

லோகநாயகி: ஏன், ஒடம்பு செரியில்லயா?

ஞானசேகரன்: ஒடம்பே இல்ல.

லோகநாயகி: ...இன்னாது?

ஞானசேகரன்: அப்பிடி ஒரு ஆளே கெடையாது, லோகா. அந்த ஐடிய உண்டாக்குனது நான். நான்தான் பரமானந்தம்.

லோகநாயகி: கண்டக்டர்! வண்டிய நிறுத்துங்க, நான் எறங்கணும்!

ஞானசேகரன்: ஏய்... ஏய்... ஒண்ணுமில்ல சார், நீங்க போங்க. அவளுக்கு மயக்கம். உக்காருடி!

லோகநாயகி: மயக்கம் எனக்கில்ல, உங்களுக்கு. சாமி இல்லேன்னும் நீங்களே சொல்லி, உண்டுன்னும் நீங்களே சொல்லுவீங்களா? இதுக்குப் பேரு இன்னா?

ஞானசேகரன்: வேற வழியில்லாம போச்சுடி. குரூப் ஆரம்பிச்சப்ப ஒருத்தரும் எனக்கு பதில் போடல. "கடவுள் இருந்தா பசி ஏன்?"னு நாள் பூரா யோசிச்சு ஒரு பதிவு எழுதுனேன். ஒரே ஒரு லைக். அதுவும் நானே போட்டது.

லோகநாயகி: தனக்குத்தானே போட்டுக்கலாமா?

ஞானசேகரன்: போடலாம். போடத்தான் கூடாது.

லோகநாயகி: த்தூ.

ஞானசேகரன்: தெருவுல ஒருத்தன் தனியா கத்துனா எவனாவது நிப்பானா? ரெண்டு பேர் சட்டையப் புடிச்சாத்தான கூட்டம் கூடும்? அதான், எதிர்த்துப் பேச ஒரு ஆள நானே... ஸ்ரீமுஷ்ணத்துலேருந்து குரூப்புல யாருமில்ல. அந்த ஊர்னு போட்டேன்.

லோகநாயகி: போட்டோ?

ஞானசேகரன்: கடையில பாஸ்போர்ட் போட்டோ எவ்ளோ கெடக்குது. ஆனா ஊரான் மூஞ்சிய எடுத்துப் போடறது தப்பில்ல? அதான், ஒங்கண்ணன் பண்ருட்டியிலேருந்து குடுத்தனுப்புனாரே ஒரு பலாப்பழம்... அத போட்டோ புடிச்சு வெச்சேன்.

லோகநாயகி: ஆளையே பொய்யா உண்டாக்குவாரு, போட்டோ மட்டும் தப்பா தெரியுதாம்.

ஞானசேகரன்: குரூப்புல எல்லாரும் பலாப்பழ ஐயான்னுதான் கூப்புடறாங்க. மேல முள்ளு, உள்ள சொளன்னு கவித வேற எழுதறானுவ. எனக்கு ஒருத்தனும் கவித எழுதல.

லோகநாயகி: உங்க போட்டோ இன்னா?

ஞானசேகரன்: என் மூஞ்சிதான்.

லோகநாயகி: அதான்.

ஞானசேகரன்: சிரி, சிரி. ஆரம்பத்துல எனக்கு ஒண்ணும் தெரியலடி. மொத நாள் விபூதி பத்தி எழுதிட்டேன், மறுவாரம் நாமத்தப் பத்தி. ஒருத்தர் வந்து, "ஐயா, நீங்க பட்டையா நாமமா?"ன்னு புடிச்சுட்டாரு. எனக்கு வேர்த்துப் போச்சு. அப்பறம், "குளிச்சுட்டு வந்தா கைக்கு எது மொதல்ல கெடைக்குதோ அது"ன்னு போட்டேன். குரூப்பே சிரிச்சுது. நெசமான பெரிய மனுசன்டா இவருன்னுட்டானுவ.

லோகநாயகி: அது நீங்க எழுதுனதா? நல்லாத்தான் இருக்கு.

ஞானசேகரன்: ஏன், நீ அத முன்னாடியே படிச்சிருக்கியா?

லோகநாயகி: இப்பதான சொன்னீங்க... இது இன்னா ஊரு? ஆலப்பாக்கமா?

ஞானசேகரன்: ஆமா, ஆலப்பாக்கம். இன்னும் நேரம் கெடக்கு. இத கேளு. அவரா எழுதணும்னா, மொதல்ல நான் எழுதுனத நானே முழுசா படிக்கணும்ல? படிச்சேன். இன்னாடா இவனுக்கு இவ்ளோ திமிருன்னு இருந்துச்சு.

லோகநாயகி: யாருக்கு?

ஞானசேகரன்: ஞானசேகரனுக்கு. எனக்கு.

லோகநாயகி: இத கண்டுபுடிக்க பேஸ்புக்கு போனீங்களா? எங்கிட்ட கேட்டிருந்தா கல்யாணத்தன்னிக்கே சொல்லியிருப்பேன்.

ஞானசேகரன்: சொன்னா ஏத்துப்பனா? அடுத்தவங்க எழுதுனத நான் மொத வரிதான் படிப்பேன். மிச்சத்துக்குள்ள எம் பதில் ரெடியாயிடும். "முட்டாளே, இதுகூடத் தெரியாதா"ன்னு ஆரம்பிப்பேன். ஆனா ஐயாவா எழுத உக்காந்தா கோவமே வராது. அவரு வாத்தியாரு, வயசானவரு, எப்பிடி திட்டுவாரு? அதே ஆளு, அதே வெரலு, அதே போனு... பேரு மாறுனதும் மரியாத வந்துடுது. இது எனக்கே ஒரு மாதிரியா இருந்துச்சு, லோகா.

லோகநாயகி: ம்...

ஞானசேகரன்: சித்தார்த்னு ஒரு பையன். என்னைய விட மோசமா சாமிய திட்டுவான். கூடவே சாமி கும்புடறவங்கள, அவுங்க அம்மா அப்பன எல்லாரையும் திட்டுவான். குரூப்பே அவன தூக்குங்கன்னுது. ஐயா மட்டும், "தம்பி, சாப்ட்டீங்களா?"ன்னு கேட்டாரு. அவ்ளோதான். அன்னிக்கு பூரா அந்தப் பையன் ஒண்ணுமே எழுதல.

லோகநாயகி: பாவம் அந்தப் புள்ள. வேல போயி, வூட்டுல சொல்லாம தெனம் பைய மாட்டிகிட்டு பஸ் ஸ்டாண்டுல போயி உக்காந்திருந்துதாமே...

ஞானசேகரன்: அது உனக்கு எப்பிடித் தெரியும்?

லோகநாயகி: நீங்கதான் சொன்னீங்க.

ஞானசேகரன்: நானா?

லோகநாயகி: பின்ன, நடராஜரா வந்து சொல்லுவாரு? சோறு திங்கறப்ப சொன்னீங்க. நீங்க சொல்றது உங்களுக்கே ஞாபகம் இருக்கறதில்ல.

ஞானசேகரன்: ...இருக்கும். சொல்லியிருப்பேன்.

லோகநாயகி: செரி, வுடுங்க. இப்ப அந்த நாற்காலிக்கு இன்னா பண்றது?

ஞானசேகரன்: ஒங்கண்ணன்ட்ட கேட்டேன்.

லோகநாயகி: எங்கண்ணன்ட்டயா! அன்புமணி அண்ணன்ட்டயா?

ஞானசேகரன்: "மச்சான், ஒரு நாள் மட்டும் பரமானந்தமா வந்து உக்காரு, நான் சொல்றத சொல்லு"ன்னேன். செரின்னாரு. வேட்டிகூட தோச்சு வெச்சுட்டாரு. காலையில போன் பண்ணி வரலைன்றாரு.

லோகநாயகி: ஏன்?

ஞானசேகரன்: "மாப்ள, பொய் சொல்லி சாமி உண்டுன்னு பேசுனா சாமி கண்ணக் குத்தும்"ன்றாரு.

லோகநாயகி: செரியாத்தான சொல்லியிருக்கு.

ஞானசேகரன்: எனக்கு மட்டும் குத்தலாமா?

லோகநாயகி: உங்களுக்குதான் சாமியே இல்லியே. எது குத்தும்?

ஞானசேகரன்: இப்ப வெளாடாத. அங்க எல்லாரும் அவரப் பாக்கதான் வர்றாங்க. நெய்வேலி, விருத்தாசலம், பெண்ணாடத்துலேருந்தெல்லாம் வர்றாங்க. ஐயாவே இல்ல, இவன்தான் ரெண்டு பேராவும் நடிச்சான்னு தெரிஞ்சா இன்னா ஆவும்? ஏமாத்துக்காரன்னு அங்கயே மூஞ்சியில துப்புவாங்க. எனக்கு வேற யாருடி சிநேகிதம் இருக்கு? கடையில வர்றவன் காப்பி எடுத்துகிட்டு போயிடறான். என்னைய உக்காத்தி வெச்சு பேசறது இவுங்கதான்.

லோகநாயகி: ...உண்மைய சொல்லிடுங்க.

ஞானசேகரன்: சொல்லலாம். அத விட ஒரு நல்ல வழி இருக்கு.

லோகநாயகி: இன்னா வழி? அது இன்னா பையில, சுருட்டி வெச்சிருக்கீங்க?

ஞானசேகரன்: அது ஒண்ணுமில்ல. வுடு.

லோகநாயகி: குடுங்க இப்பிடி. இன்னாத்துக்கு இந்த இழு இழுக்கறீங்க?

ஞானசேகரன்: கிழிச்சுடாதடி, ஒரே பிரிண்ட்தான் போட்டேன்...

லோகநாயகி: கண்ணீர் அஞ்சலி... இன்னாங்க இது! கண்ணீர் அஞ்சலி போட்டு நடுவுல பலாப்பழம்!

ஞானசேகரன்: கத்தாத!

லோகநாயகி: பலாப்பழத்துக்கு ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு வேற! அந்த மனுசன சாவடிச்சுட்டீங்களா?

ஞானசேகரன்: இன்னிக்கு காலையில மாரடைப்புன்னு சொல்லிடலாம். மேடையில ஒரு நிமிசம் எல்லாரும் எழுந்து நிப்பாங்க. நான் ரெண்டு வார்த்த பேசுவேன். "எதிராளியா இருந்தாலும் என் ஆசான்"னு. அதோட முடிஞ்சுது. கவுரவமா இருக்கும், அவருக்கும்.

லோகநாயகி: கவுரவமா? கொன்னுட்டு கவுரவமா?

ஞானசேகரன்: இல்லாத ஆளக் கொன்னா எப்பிடிடி கொல ஆவும்?

லோகநாயகி: தோற்றம்னு ஒரு தேதி போட்டிருக்கீங்களே, அது இன்னா தேதி?

ஞானசேகரன்: பேஸ்புக்குல அக்கவுண்டு தொறந்த தேதி.

லோகநாயகி: அடப்பாவி மனுசா. ரிட்டையர்டு வாத்தியாருக்கு வயசு பாலவாடி வயசா?

ஞானசேகரன்: ஐயய்யோ... ஆமால்ல. அத யோசிக்கல.

லோகநாயகி: அப்பறம் இது இன்னா? "ஆன்மீகச் செம்மல் பரமானந்தம் ஐயா இயற்கை எய்தினார்." சாமி கும்புடற மனுசனுக்கு இறைவனடி சேர்ந்தாருன்னுதான போடுவாங்க? எத்தினி போஸ்டர் அடிச்சிருக்கீங்க, இது தெரியாதா?

ஞானசேகரன்: தெரியும். காசு குடுத்து கேக்கறவங்களுக்கு அடிப்பேன். நானா போடறப்ப இறைவனடின்னு போட மாட்டேன். கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல.

லோகநாயகி: செத்தது அவரா, நீங்களா? அவரு சாவுல உங்க கொள்கை இன்னாத்துக்கு?

ஞானசேகரன்: செரி, இறைவனடின்னு பேனாவுல திருத்திக்கறேன். போதுமா?

லோகநாயகி: போதாது. அவரு ஏன் சாவணும்? நீங்க சாவுங்க.

ஞானசேகரன்: எது?

லோகநாயகி: ஞானசேகரன் செத்துட்டான்னு போடுங்க. அவரு இருக்கட்டும். அவருக்கு எவ்ளோ பேரு பதில் போடறாங்க. கஷ்டம்னா அவர்ட்டதான் வந்து சொல்றாங்க. நீங்க இருந்து இன்னா பண்றீங்க, முட்டாளேன்னு ஆரம்பிக்கறீங்க.

ஞானசேகரன்: இன்னாடி, யாரோ ஒரு பரமானந்தத்துக்கு இவ்ளோ பரிஞ்சுகிட்டு வர்ற?

லோகநாயகி: யாரோ இல்ல... பெரியவரு. வயசானவரு. பாவமா இருக்குல்ல.

ஞானசேகரன்: நான் பாவமா இல்லியா?

லோகநாயகி: உங்க போன் அடிக்குது பாருங்க.

ஞானசேகரன்: அபுல் ஹசன் பாய். ஐயோ... ஹலோ, பாய்... பஸ்ஸுலதான் வர்றோம். புதுச்சத்திரம் தாண்டிட்டோம்... கேக்கலியா? இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன்.

அபுல் ஹசன்: ...இப்ப கேக்குதாண்ணே? வாங்க, வாங்க, ஆளுங்க நெறைய வந்துட்டாங்க. அண்ணியும் வர்றாங்களா? மாஷா அல்லாஹ். பலாப்பழ ஐயா கெளம்பிட்டாரா? உங்களோட வர்றதா சொன்னீங்களே?

ஞானசேகரன்: அவரு... வர்றாரு. வருவாருன்னுதான்...

அபுல் ஹசன்: இன்ஷா அல்லாஹ் வந்துடுவாரு. அவருக்கு சக்கர இருக்குல்ல, எங்க வூட்டுக்காரி நஜியா அவருக்குன்னு சக்கர போடாத டீ தனியா போட்டு பிளாஸ்க்ல வெச்சிருக்கா.

ஞானசேகரன்: ஐயாவுக்கு சக்கர இருக்குன்னு யாரு சொன்னது?

அபுல் ஹசன்: அவருதாண்ணே எழுதியிருந்தாரு. நோன்பு நேரத்துல நஜியாவுக்கு சக்கர ஏறிப்போச்சுன்னு போட்டப்ப, "எனக்கும் இருக்கும்மா, வெந்தயத்த ஊற வெச்சு குடி, ஆனா மாத்திரைய வுட்டுடாத"ன்னாரு. நஜியா அத இன்னும் சொல்லிகிட்டு இருக்கா. செரி, பத்திரமா வாங்க.

ஞானசேகரன்: ...வெச்சுட்டாரு.

லோகநாயகி: ம்.

ஞானசேகரன்: எனக்கு சக்கர இல்ல.

லோகநாயகி: அதுக்கு?

ஞானசேகரன்: உனக்குதான் இருக்கு.

லோகநாயகி: ஊர்ல பாதி பேருக்கு இருக்கு. நான் வெந்தயம் குடிக்கறதப் பாத்துட்டு எழுதியிருப்பீங்க. தெனம் அடுப்படிக்கு வந்து எட்டிப் பாக்கறீங்கல்ல.

ஞானசேகரன்: இருக்கும். எழுதியிருப்பேன். எல்லாம் நான்தான எழுதறேன்.

லோகநாயகி: எல்லாமேவா?

ஞானசேகரன்: எல்லாமே.

லோகநாயகி: ஒண்ணு வுடாமயா?

ஞானசேகரன்: இன்னாடி போலீஸ் ஸ்டேஷன் மாதிரி கேக்கற? அந்தக் கல்லு பதிவுகூட நான்தான். அதுக்காவத்தான் பாய் இந்த மீட்டிங்கே வெச்சாரு.

லோகநாயகி: எந்தக் கல்லு?

ஞானசேகரன்: படிக்கறேன், கேளு. நான் கேட்டிருந்தேன், "ஐயா, இத்தன வருசமா கும்புட்டீங்களே, சாமி உங்களுக்கு இன்னாத்த குடுத்துது?"ன்னு. அதுக்கு ஐயா போட்ட பதில் இது. "தம்பி, சாமி ஒண்ணும் குடுக்கல. நான் கேக்கவும் இல்ல. விடிஞ்சா எல்லாரும் எங்கிட்டதான் கேக்கறாங்க. டீ எங்க, சாவி எங்க, சட்ட எங்க. நான் ஒரு வார்த்த சொல்ல ஆரம்பிச்சா, இரு வர்றேன்னுட்டு போயிடறாங்க. வந்ததே இல்ல. கோயில்ல போயி நின்னா, இரு வர்றேன்னு சொல்றதில்ல. நான் சொல்லி முடிக்கற வரைக்கும் அங்கியே நிக்குது. அது வெறும் கல்லுன்றீங்க. இருக்கட்டும். கல்லாவது நிக்குதே."

லோகநாயகி: கண்ணுல தூசு. சன்னல சாத்துங்க.

ஞானசேகரன்: நல்லாருக்குல்ல? இத எடுத்து எடுத்து எல்லாரும் வாட்ஸாப்ல அனுப்பிட்டாங்க. எனக்கே வந்துச்சு, கோயமுத்தூர்லேருந்து.

லோகநாயகி: இத நீங்களா எழுதுனீங்க?

ஞானசேகரன்: நான்தான்.

லோகநாயகி: டீ எங்க, சாவி எங்கன்னு உங்கள யாரு கேக்கறாங்க?

ஞானசேகரன்: கடையில... வர்றவங்க கேப்பாங்க.

லோகநாயகி: ஜெராக்ஸ் கடையில வந்து டீ எங்கன்னு கேப்பாங்களா?

ஞானசேகரன்: அதெல்லாம் ஒரு கற்பனைடி. எழுத்துன்னா அப்பிடித்தான், தானா வரும். அதப் படிச்சப்ப எனக்கே கண்ணு கலங்கிப் போச்சு.

லோகநாயகி: படிச்சப்பவா? எழுதறப்ப இல்லியா?

ஞானசேகரன்: எழுதிட்டு... திரும்பப் படிச்சேன்.

லோகநாயகி: ஓகோ. தானா வந்துச்சு.

ஞானசேகரன்: ஆமா. ஏன் அப்பிடி மொறைக்கற?

லோகநாயகி: ஒண்ணுமில்ல. பெரிய எழுத்தாளருக்குப் பக்கத்துல உக்காந்திருக்கேன்ல, அதான் நல்லா பாத்துக்கறேன்.

ஞானசேகரன்: முட்லூர் வந்துடுச்சு. இதோ, கொஞ்ச நேரத்துல சிதம்பரம். செரி... நான் முடிவு பண்ணிட்டேன்.

லோகநாயகி: இன்னா முடிவு?

ஞானசேகரன்: ஐயாவ வழியனுப்பிட வேண்டியதுதான். நெஜமா ஒருத்தர் வந்து அந்த நாற்காலியில உக்காந்தா ஒழிய வேற வழியில்ல. உனக்கு வேற எதாவது தோணுதா? தோணுனா சொல்லு.

லோகநாயகி: எனக்கு இன்னா தோணும்? நான் அடுப்படியில கெடக்கறவ.

ஞானசேகரன்: கடைசியா கேக்கறேன். சொல்றதுக்கு ஒண்ணுமில்லியா?

லோகநாயகி: இல்ல.

ஞானசேகரன்: செரி. அழுவற மாதிரி மூஞ்சிய வெச்சுக்கோ. எறங்கறப்பவே ஆரம்பிச்சுடணும்.

லோகநாயகி: உங்க மூஞ்சியப் பாத்தாலே போதும், தானா வரும்.

அபுல் ஹசன்: வாங்கண்ணே, வாங்க! அண்ணி, வாங்க! ஹால் கண்டுபுடிக்க கஷ்டமா இருந்துச்சா? ஆட்டோக்காரன்ட்ட சொன்னா நேரா வாசல்லயே எறக்கி வுட்டுடுவான். உள்ள பாருங்க, எடமே இல்ல. ஐயாவுக்குன்னு பொன்னாட வாங்கி வெச்சிருக்கேன்... ஐயா எங்க? பின்னாடி ஆட்டோவுல வர்றாரா?

ஞானசேகரன்: பாய்... கொஞ்சம் இப்பிடி ஓரமா வாங்க.

அபுல் ஹசன்: இன்னாண்ணே, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு? அண்ணி, தண்ணி எதாவது...

ஞானசேகரன்: பாய், மனச தெடப்படுத்திக்கணும். ஒரு துக்கமான செய்தி. இன்னிக்கு காலையில... நம்ம ஐயா...

அபுல் ஹசன்: யா அல்லாஹ்! ஐயாவுக்கு இன்னா?

ஞானசேகரன்: எப்பிடி சொல்றதுன்னே தெரியல பாய். காலையில பூஜ ரூம்புல இருந்தப்ப, அப்பிடியே நெஞ்சப் புடிச்சுகிட்டு...

லோகநாயகி: சாவல!

ஞானசேகரன்: லோகா...

லோகநாயகி: சாவல பாய். நல்லாத்தான் இருக்காரு. காலையில நாலு இட்லி தின்னாரு.

அபுல் ஹசன்: அண்ணி? ஐயாவ உங்களுக்குத் தெரியுமா? எங்க இருக்காரு?

லோகநாயகி: இங்கதான். இதோ நிக்கறேன்ல. பரமானந்தம் நான்தான்.

அபுல் ஹசன்: ...நீங்களா?

லோகநாயகி: நான்தான். ஆம்பள பேரு வெச்சாத்தான உங்க குரூப்புல ஒருத்தனாவது பொறுமையா கேப்பான்? அதான். போட்டோ, எங்கண்ணன் குடுத்த பழம். ஊரு பொய்யி. வாத்தியாரு பொய்யி. சக்கர மட்டும் நெசம்.

அபுல் ஹசன்: அப்ப அந்த... "கல்லாவது நிக்குதே"ன்னு...

லோகநாயகி: நான் எழுதுனதுதான். ஒரு மத்தியானம், கொழம்பு கொதிக்கறப்ப.

ஞானசேகரன்: ஏய், ஏன்டி என் கால மிதிக்கற?

லோகநாயகி: நீங்க வாயத் தொறக்காதீங்கன்னு.

அபுல் ஹசன்: நஜியா! நஜியா, இங்க வா, யாரு வந்திருக்கா பாரு! அண்ணி, உங்களுக்குத் தெரியாது... அந்தப் பதிவப் படிச்சுட்டு நஜியா என் கையிலேருந்து போனப் புடுங்கி அரிசி டின்னுல போட்டுட்டா. "இரு வர்றேன்னுதான நீயும் சொல்ற, இப்ப வா"ன்னா. ரெண்டு நாளு அவ சொல்றத கேட்டுகிட்டே உக்காந்திருந்தேன். எங்க அத்தா மவுத்தானப்ப, அந்த சாவு வூட்டுல அவ எவ்ளோ பட்டான்னு அன்னிக்குதான் எனக்குத் தெரியும்.

லோகநாயகி: அப்பிடியா? நல்லாருக்கட்டும். அந்த டீய குடுங்க மொதல்ல, தொண்ட காயுது.

ஞானசேகரன்: பாய், உண்மைய நான் சொல்லிடறேன். இவ என்னையக் காப்பாத்தப் பாக்கறா. ஆரம்பத்துல அந்த ஐடிய தொறந்தது நான்தான். மொத கொஞ்ச நாளு ரெண்டு பேராவும் நானே எழுதிகிட்டு இருந்தேன். பட்டையா நாமமான்னு கேட்டாங்களே, அது வரைக்கும் நான். அப்பறம் பழைய போன்ல அத அப்பிடியே தொறந்து வெச்சு வூட்டுல வுட்டுட்டேன். இவ அதுலதான் சமையல் வீடியோ பாப்பா. அதுக்கப்பறம் நான் எழுதாத பதிலெல்லாம் ஐயா பேர்ல வர ஆரம்பிச்சுது.

லோகநாயகி: ஒளறாதீங்க... இருங்க. இன்னா சொன்னீங்க? பழைய போனா? அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

அபுல் ஹசன்: எனக்கு ஒண்ணும் புரியலண்ணே. அப்ப மிச்சமெல்லாம் யாரு எழுதுனது?

லோகநாயகி: பஸ்ஸுல வர்றப்ப, எல்லாமே நான்தான் எழுதுனேன்னு எங்கிட்டயே சொன்னாரு பாய்! தானா வந்துச்சாம்! கண்ணு கலங்குச்சாம்!

ஞானசேகரன்: அப்பிடி சொன்னாலாவது ரோசம் வந்து, "போய்யா, அது நான் எழுதுனது"ன்னு கத்துவன்னு பாத்தேன். நீ சன்னல சாத்த சொல்லிட்ட. கடைசியில சாவடிச்சாத்தான் வாயத் தொறக்கற.

லோகநாயகி: எங்கிட்ட நேரா கேட்டா இன்னா?

ஞானசேகரன்: எப்பிடிக் கேப்பேன்? மூவாயிரம் பேர் முன்னாடி எம் பொண்டாட்டிட்ட தெனம் தோத்துகிட்டு இருக்கேன்னா?

அபுல் ஹசன்: அண்ணே, இருங்க, ஒண்ணு கேக்கறேன். எதிர்ல எழுதறது அண்ணிதான்னு தெரிஞ்சப்பறமும் தெனம் ஒரு பதிவு போட்டு ஐயாவ வம்புக்கு இழுத்தீங்களே. தோக்கறோம்னு தெரிஞ்சே எதுக்கு?

ஞானசேகரன்: அந்தக் கல்லு பதிவ கடையில நின்னு படிச்சேன் பாய். ஒருத்தரோட ரேசன் கார்டு மிஷின்ல காப்பி மேல காப்பியா வந்து வுழுந்துகிட்டே இருக்கு, எனக்குக் கை போவல. அப்பிடியே கடைய சாத்திட்டு வூட்டுக்குப் போயி அடுப்படியில நின்னு, "சொல்லு லோகா, கேக்கறேன்"னேன். "வேல கெடக்கு, தள்ளிப் போங்க"ன்னுட்டா. அதுக்கப்பறம் நான் போட்டதெல்லாம் சாமிக்காவ இல்ல பாய்... இவ இன்னா சொல்லுவான்னு கேக்க எனக்கு வேற எடம் தெரியல.